ஈ.எல். 84 வால்வின் பிளேட் சிவப்பது ஏன்?

கேள்வி – வானொலி ஆர்வலன்

வணக்கம். என் தாத்தா விட்டுச்சென்ற ரேடியோகிராமின் (ரேடியோவும் இசைத்தட்டுக் கருவியும் சேர்ந்த பெட்டி) ஆம்ப்ளிஃபையரை அண்மையில் இயக்கிப் பார்த்தேன். அதில் முன்நிலைக்கு ஓர் ஈ.சி.சி. 83, ஸ்பீக்கரை இயக்க ஓர் ஈ.எல். 84 என இரண்டு வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்) உள்ளன. தொடக்கத்தில் பாட்டு தெளிவாகவே கேட்கிறது. பத்து நிமிடம் கடந்ததும் ஒலி கரகரத்து, ஈ.எல். 84-இன் பிளேட் (உள்ளே இருக்கும் உலோகத் தகடு) அடுப்புக் கரி போலச் சிவக்கிறது. வால்வை மாற்றினால் போதுமா? அதற்கு முன், கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1 – மின்னணு ஆசிரியர்

ஹீட்டர் சூடானதும், பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடுகள் பூசிய கேத்தோடு என்னும் மின்முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறி அதைச் சுற்றி மேகம்போல் நிற்கின்றன. ஏறத்தாழ 250 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் இருக்கும் பிளேட் அவற்றைத் தன்பால் இழுக்கிறது. இடையில் காற்று இருந்தால் இது நடக்காது என்பதால்தான் குழாய்க்குள் வெற்றிடம் தேவைப்படுகிறது.

1906-இல் லீ டி ஃபாரஸ்ட் சேர்த்த கிரிட்தான் இதன் உயிர்நாடி. கேத்தோடுக்கு மிக அருகில் சுற்றப்பட்ட மெல்லிய கம்பிச் சுருள் அது. ஏரி மதகின் பலகையைச் சிறிது ஏற்றி இறக்குபவர் தண்ணீரைத் தாமே தள்ளுவதில்லை அல்லவா? அதுபோலவே கிரிட்டும் ஒலிக்கு ஆற்றல் தருவதில்லை. பவர் சப்ளையிலிருந்து பாயும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்க மட்டுமே செய்கிறது. ஈ.சி.சி. 83-இன் பெருக்கக் காரணி 100. அதாவது, கிரிட்டில் ஒரு வோல்ட் மாறினால், பிளேட்டில் நூறு வோல்ட் மாறியதற்கு இணையான விளைவு உண்டாகும். பிளேட்டுக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் தரும் வழக்கமான சுற்றில், நடைமுறையில் ஐம்பது, அறுபது மடங்குப் பெருக்கம் கிடைக்கும்.

மதகு அளவாகத் திறந்திருக்க, கிரிட் எப்போதும் கேத்தோடைவிட எதிர்மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும். இதையே பயாஸ் என்கிறோம். உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கும் என்று கருதுகிறேன்.

பதில் 2 – பழைய ரேடியோ மெக்கானிக்

ஆசிரியர் ஐயா கூறியது சரி. தம்பி, வால்வை மாற்ற அவசரப்படாதீர்கள். புதிய வால்வும் அவ்வாறே சிவக்கும். ஈ.சி.சி. 83-இன் பிளேட்டையும் ஈ.எல். 84-இன் கிரிட்டையும் இணைக்கும் பழைய பேப்பர் கண்டன்சர், ஒலியை மட்டும் கடத்தி டி.சி.யைத் (ஒரே திசையில் பாயும் மின்சாரத்தை) தடுக்க வேண்டியது. வயதானால் அது கசியும். அப்போது பிளேட்டின் நேர்மின்னழுத்தம் கிரிட்டுக்கு வந்து, மதகு அளவுக்கு மீறித் திறந்துவிடும். இரண்டாம் பின்னில் கிரிட் அழுத்தத்தையும், மூன்றாம் பின்னில் கேத்தோடு அழுத்தத்தையும் அளந்து எழுதுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு இயக்க வேண்டாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகிவிடும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஃபில்டர் கண்டன்சர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு, வடிந்ததை மீட்டரில் உறுதிசெய்த பின்னரே உள்ளே கை வையுங்கள்.

வானொலி ஆர்வலன்

கிரிட்டில் +6 வோல்ட்டும், கேத்தோடில் 11 வோல்ட்டும் காட்டுகின்றன. கேத்தோடு ரெசிஸ்டர் 135 ஓம்.

பதில் 3 – மின்னணு ஆசிரியர்

கிரிட் பூச்சியத்திலும் கேத்தோடு 7.3 வோல்ட் அளவிலும் இருந்திருக்க வேண்டும். பதினொரு வோல்ட்டை 135 ஓமால் வகுத்தால் 81 மில்லியாம்பியர் வருகிறது. ஸ்கிரீன் கிரிட் (ஈ.எல். 84-இல் உள்ள இரண்டாம் கிரிட்) எடுத்துக்கொள்ளும் பங்கைக் கழித்தாலும் பிளேட்டில் ஏறத்தாழ 17 வாட் வெப்பமாகிறது. அந்த வால்வு தாங்கக்கூடியதோ 12 வாட் மட்டுமே. கண்டன்சரின் ஒரு முனையைக் கழற்றி மீண்டும் அளந்து பாருங்கள். கிரிட் பூச்சியத்துக்கு வந்தால் குற்றம் கண்டன்சருடையது; அப்போதும் நேர்மின்னழுத்தம் நீடித்தால், வால்வுக்குள் வாயு புகுந்திருக்கிறது என்று பொருள்.

வானொலி ஆர்வலன்

கழற்றியதும் கிரிட் பூச்சியத்துக்கு வந்தது. அதே மதிப்புள்ள 400 வோல்ட் பாலியெஸ்டர் கண்டன்சரைப் பொருத்தினேன். கேத்தோடில் இப்போது 7.2 வோல்ட். ஒரு மணி நேரமாகப் பாடிக்கொண்டிருக்கிறது. பிளேட் கருமையாகவே இருக்கிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.