ஆர்ஓ (குடிதண்ணி சுத்தம் பண்ற மெஷின்) வெளிய தள்ற தண்ணிய என்ன பண்றீங்க? உங்க அனுபவத்த சொல்லுங்க

மடிப்பாக்கம்வாசி:
எங்க போர் தண்ணி டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்க உப்போட அளவு, ஆயிரத்துக்கு மேல, ஆர்ஓ இல்லாம முடியாது. ஆனா ஒரு லிட்டர் குடிக்க குடுத்துட்டு மூணு லிட்டர் கிட்ட வெளிய தள்ளுது. 2019 கோடைல பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் எல்லாம் வத்திப்போய் ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, அப்ப லாரிக்காக ராத்திரி முழிச்சிருந்த வீடு இது, சிங்க்ல அது ஓடறத பாத்தா வயிறு எரியுது. மாமியார்தான் ஒரு நாள் டியூப்ப புடுங்கி பக்கெட்ல விட்டாங்க. இப்ப வீடு துடைக்க, டாய்லெட்டுக்கு ஊத்த எல்லாம் அதான். செடிக்கு மட்டும் வேணாம்னு சொல்லிட்டேன், அதுல இருக்க உப்பு, செடித்தொட்டி மண்ணுலயே தங்கி இலை நுனி கருகிடும்.

கோவைக்காரன்:
எங்களுக்கு சிறுவாணிங்க, ஆர்ஓவே எதுக்கு? ஆனாலும் ஒரு சேல்ஸ்மேன் வந்தாருங்க. ரெண்டு டம்ளர், ஒன்னுல எங்க குழாய்த்தண்ணி, இன்னொன்னுல அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணி, ரெண்டுலயும் கம்பிய விட்டு கரண்ட் குடுத்தாரு, எங்க தண்ணி மட்டும் சேறு மாதிரி ஆயிடுச்சு. அம்மா அரண்டு போய்ட்டாங்க, இதையா இத்தன வருஷம் குடிச்சோம்னு. பக்கத்து வீட்டு அக்கா கெமிஸ்ட்ரி டீச்சர், பாத்துட்டே இருந்தவங்க உள்ள போயி ஒரு சிட்டிகை உப்பு எடுத்துட்டு வந்து அவரோட ஆர்ஓ தண்ணில போட்டு, இப்ப கரண்ட் குடுங்க தம்பினாங்க. அதுவும் சேறாயிடுச்சுங்க! தண்ணில உப்பு இருந்தா கரண்ட் பாயும், பாய்ஞ்சா அந்த இரும்புக் கம்பிதான் கரைஞ்சு துரு கக்குது, அழுக்கும் இல்ல ஒன்னும் இல்லைங்கறாங்க. தம்பி டீ குடிச்சுட்டு கெளம்பிட்டாரு, பாவம்.

மதுரை மல்லி:
செம அக்கா 😂 எங்க வீட்ல ஏசி தண்ணிய புடிச்சு தொட்டிக்கு ஊத்துறோம், அதுல உப்பே கிடையாது. ஆனா ஏசி உள்ள ஃபின் தகட்டுல இருக்க தூசியெல்லாம் கழுவிட்டு வருது, குடிக்க எல்லாம் யோசிக்காதீங்கப்பா.

வாடகைவீடு:
மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி டிடிஎஸ் மீட்டர் ஒன்னு வாங்குங்க, சில நூறு ரூபாதான். 500க்கு கீழ இருந்தா பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) கணக்குல அந்த விஷயத்துல நல்ல தண்ணிதான், பசுமைத் தீர்ப்பாயமே 2019ல அந்த மாதிரி இடத்துல ஆர்ஓவ தடை பண்ணச் சொல்லுச்சு. கிருமிக்கு மட்டும் பயம்னா கொதிக்க வச்சாலே போதும். மடிப்பாக்கம், அந்த பக்கெட் தண்ணில பாத்திரம் கழுவலாமா?

மடிப்பாக்கம்வாசி:
தேய்ச்சதும் முதல் அலசலுக்கு ஓகே. கடைசி அலசல் நல்ல தண்ணில போடுங்க, இல்லன்னா எவர்சில்வர்ல வெள்ளை வெள்ளையா புள்ளி நிக்கும், அப்புறம் எங்க மாமியார் மாதிரி புளி போட்டு தேய்க்கணும்.