மட்கலைஞர் ஒருவரைப் பாடசாலைக்கு அழைக்க உதவி வேண்டும்

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்தில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கிறேன். அடுத்த தவணையில் தற்கால மட்கலைஞர் ஒருவர் வந்து பிள்ளைகளோடு வேலை செய்ய வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

கென்யாவில் பிறந்த மட்கலைஞர் மக்டலீன் ஒடுண்டோ சக்கரம் இல்லாமல், களிமண் திரிகளை அடுக்கிக் கையாலேயே கலம் எழுப்புகிறார். காற்றோட்டத்தில் சுட்டால் சிவப்பு, புகையை அடைத்துச் சுட்டால் கறுப்பு. எங்கள் கந்தரோடை அகழ்வில் கிடைத்த பழங்காலக் கறுப்பு-சிவப்புப் பாண்டங்களின் நிறமும் நெருப்பின் வேலைதான். இதைப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்க்க வேண்டும்.

ஒருநாள் பட்டறை போதாது. வனைந்தது நிழலில் நன்றாகக் காயாமல் சூளைக்குப் போனால் நீராவியில் வெடித்துவிடும். அதனால் இடைவெளி விட்டு இரண்டு முறை வரக்கூடியவர் தேவை. கொழும்போ மட்டக்களப்போ, எங்கிருந்து வந்தாலும் பயணச்செலவு, தங்குமிடம், சாப்பாடு எங்கள் பொறுப்பு.

பெரிய கவலை மண்தான். சுண்ணாம்புக்கல் துணுக்கு கலந்திருந்தால், சுட்டு எடுத்த பின்பும் ஈரம் பிடித்துப் பொருமி, கலம் பொரிந்து கொட்டும். சுண்ணாம்பு கலக்காத களி எங்கே எடுக்கலாம்? 1000 பாகை வரை போகும் மின்சூளை யாரிடமாவது இருக்கிறதா? இல்லையென்றால், உமியும் பொச்சுமட்டையும் போட்டுச் சுட்டுப் பழகிய பெரியவர்கள் யாரையாவது தெரியுமா?

தெரிந்தவர்கள் தயவுசெய்து உட்பெட்டியில் எழுதுங்கள்.