பழைய ஆப்டிப்ளெக்ஸ் 790-இல் இரண்டு மானிட்டர்: கார்டு வாங்க வேண்டுமா? (இணைய மன்ற உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

பேரேடு

டெல் ஆப்டிப்ளெக்ஸ் 790, சின்னப் பெட்டி (எஸ்எஃப்எஃப்). ஐ5-2400 பிராசஸர், 4 ஜிபி ரேம் ஒரே குச்சி, விண்டோஸ் 10. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. மானிட்டர் மாட்டப் பின்னால் ஒரு விஜிஏ, ஒரு டிஸ்ப்ளேபோர்ட்.

இப்போது இருப்பது 18.5 அங்குல மானிட்டர், 1366×768, விஜிஏ மட்டும். புதிதாக வந்திருப்பது 21.5 அங்குலம், 1920×1080, எச்டிஎம்ஐயும் விஜிஏவும் உண்டு. ஒன்றில் டேலி (கணக்கு மென்பொருள்), மற்றதில் பில் பிடிஎஃப் திறந்திருக்க வேண்டும். விஜிஏ ஸ்ப்ளிட்டர் போட்டால் இரண்டிலும் ஒரே படம்தான் வருகிறது, பெரிய மானிட்டரில் எழுத்தெல்லாம் மங்கல். எச்டிஎம்ஐ கேபிள் டிஸ்ப்ளேபோர்ட்டில் நுழையவில்லை. கார்டு போட்டே ஆக வேண்டுமா? 240 வாட் பவர் சப்ளை தாங்குமா?

ஈயப்பற்று

கார்டு வேண்டாம். ஐ5-2400-க்குள் இருக்கும் இன்டெல் எச்டி 2000 கிராஃபிக்ஸ் ஒரே நேரத்தில் இரண்டு தனித்தனித் திரைகளை ஓட்டும். மூன்றாவது ஓடாது, அது 2012-இல் வந்த அடுத்த தலைமுறையில்தான் சாத்தியமானது. உங்களுக்கு இரண்டு போதும்.

ஸ்ப்ளிட்டரைக் கழற்றி வையுங்கள். அது ஒரே சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் பொருள். கணினியைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஒரே மானிட்டர், ஆகவே எந்த செட்டிங்கை மாற்றினாலும் இரண்டு டெஸ்க்டாப் கிடைக்காது. மங்கலுக்குக் காரணமும் அதுதான். சின்னதற்கான 1366×768 படத்தை 1080 பேனலில் இழுத்துக் காட்டுகிறது.

சின்ன மானிட்டர் விஜிஏவிலேயே இருக்கட்டும். பெரியதற்கு டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள், 1.8 மீட்டர். இந்த போர்ட்டே எச்டிஎம்ஐ சிக்னலையும் அனுப்பும், கேபிள் மின்னழுத்த அளவை மட்டும் மாற்றிக் கொடுக்கும். அதனால் விலை குறைந்த சாதாரண கேபிளே போதும், ‘ஆக்டிவ்’ என்று போட்டதற்குக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கவனம்: இந்தக் கேபிள் ஒருவழிப் பாதை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வேறு கடையிலோ கேட்கும்போது ‘கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். எதிர்த்திசைக் கேபிளும் பார்வைக்கு அப்படியே இருக்கும், ஆனால் மாட்டினால் படம் வராது. கழற்றும்போது டிஸ்ப்ளேபோர்ட் தலையில் இருக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே இழுங்கள். உள்ளே இரண்டு கொக்கிகள் பிடித்திருக்கும், வெடுக்கென்று இழுத்தால் போர்ட்டே பெயர்ந்துவிடும்.

மாட்டியதும் விண்டோஸ் விசையும் பி விசையும் சேர்த்து அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ (டெஸ்க்டாப்பை இரண்டு திரைக்கும் நீட்டுவது) தேர்வு செய்யுங்கள். ஆன் செய்ததும் டெல் லோகோ ஒரு மானிட்டரில் மட்டும் தெரிந்தால் பதற வேண்டாம். விண்டோஸ் ஏறியபின் இரண்டாவதும் விழிக்கும்.

நள்ளிரவு பூட்

அதோடு டிரைவரையும் (கிராஃபிக்ஸை இயக்கும் மென்பொருள்) பாருங்கள், பலர் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதன் கீழ் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால் எக்ஸ்டெண்ட் வேலை செய்யாது. அங்கே ‘இன்டெல் எச்டி கிராஃபிக்ஸ்’ என்று வர வேண்டும். இந்தத் தலைமுறைச் சிப்புக்கு இன்டெல் விண்டோஸ் 10 டிரைவர் தனியாக வெளியிடவில்லை. விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான் வரும், பதிப்பு 9.17.10.4459. இன்டெல் தளத்தில் இருக்கும் புதிய டிரைவரை இறக்கிப் போட்டால் ‘உங்கள் கணினி தகுதி பெறவில்லை’ என்று நிறுவ மறுத்துவிடும். லினக்ஸ் என்றால் இந்த வேலையே இல்லை, டிரைவர் அதன் மையமான கெர்னலிலேயே இருக்கிறது.

பேசாமல் ஒரு ஜிடி 710 கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டாலும் தப்பில்லை. வெறும் 19 வாட்தான். உங்கள் 240 வாட் சப்ளைக்கு அது ஒரு சுமையே இல்லை.

ஈயப்பற்று

மின்சாரம் பிரச்சினை இல்லை என்பது சரி. ஆனால் இந்தப் பெட்டியில் அந்தக் கார்டு வேறு தொல்லைகளைக் கொண்டுவரும். எஸ்எஃப்எஃப்பில் அரை உயரக் கார்டுதான் நுழையும். கார்டின் பின்பக்கத் தகட்டை அரை உயரத் தகடாக மாற்றும்போது விஜிஏ போர்ட்டுக்கு இடமிருக்காது, அதை ஒரு பட்டை வயரில் இழுத்துப் பக்கத்து ஸ்லாட்டில் தனியாக மாட்ட வேண்டும். ஆக ஒரு கார்டுக்கு இரண்டு ஸ்லாட் போகும். கார்டு ஏறியதும் போர்டில் இருக்கும் போர்ட்டுகள் பொதுவாக அணைந்துவிடும், இரண்டு மானிட்டரையும் கார்டிலேயே செருக வேண்டும். போதாததற்கு 710-இன் சிப் கெப்ளர் என்ற பழைய வகை. அதற்கு வழக்கமான டிரைவர் வெளியீடு 2021-லேயே நின்றுவிட்டது.

ஜிடி 730 பக்கம் போகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அதே பெயரில் அதைவிடப் பழைய ஃபெர்மி வகைச் சிப் போட்ட 49 வாட் கார்டும் சந்தையில் உண்டு. ஜிடி 1030-இல் விஜிஏவே கிடையாது.

கார்டுக்கு வைத்த காசில் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 1333 குச்சி வாங்குங்கள். உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஒரே குச்சியில் ஒரு நினைவகப் பாதை மட்டும் ஓடும். ஜோடியாகப் போட்டால் இரு பாதையும் திறக்கும், இரண்டு திரை ஓட்டும்போது அந்த வித்தியாசம் தெரியும். குச்சியை ஒரே நிறத் தாழ்ப்பாள் உள்ள ஜோடி ஸ்லாட்டில் போடுங்கள். மூடியைத் திறக்கும் முன் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

பேரேடு

மிக்க நன்றி அண்ணா. கேபிள் போட்டாயிற்று, டேலி ஒரு பக்கம், பில் ஒரு பக்கம் வந்துவிட்டது. மூன்று குறைகள். ஸ்பீக்கரில் சத்தம் போய்விட்டது. விஜிஏ மானிட்டர் 1024×768-க்கு மேல் போகவில்லை, பெயர் ‘ஜெனரிக் நான்-பிஎன்பி’ என்று காட்டுகிறது. மவுஸ் ஒரு திரையிலிருந்து மற்றதற்குப் போகும்போது சில இடங்களில் முட்டி நிற்கிறது.

நள்ளிரவு பூட்

சத்தம் எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்குப் போய்விட்டது. டாஸ்க்பார் ஸ்பீக்கர் குறியைச் சொடுக்கி வெளியீட்டைப் பழைய ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள்.

1024×768-க்குக் காரணம் பெரும்பாலும் விஜிஏ கேபிள். மானிட்டர் தன் பெயரையும் தனக்குரிய அளவையும் 12, 15 ஆகிய இரண்டு பின்கள் வழியாகத்தான் கணினிக்குச் சொல்கிறது. மலிவுக் கேபிளில் அந்த வயர்களே இருக்காது, அல்லது பின் மடங்கிக் கிடக்கும். தலையை உற்றுப் பாருங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து. 9-ஆம் பின் மட்டும் இல்லாத கேபிள்கள் பல உண்டு, அதில் தவறில்லை. 12-ஓ 15-ஓ இல்லையென்றால் கேபிளை மாற்றுவது ஒன்றே வழி. ஸ்ப்ளிட்டர் இன்னும் நடுவில் இருந்தால் முதலில் அதை எடுங்கள், அதுவும் இதே கோளாறைச் செய்யும்.

மாற்றியபின் மானிட்டரிலேயே ‘ஆட்டோ’ பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தும்போது திரையில் வெள்ளைப் பின்னணியில் எழுத்து நிறைந்த பக்கம் இருக்கட்டும். கறுப்புத் திரையில் அதற்கு ஓரம் எதுவென்று தெரியாது.

ஈயப்பற்று

மவுஸ் முட்டுவது உயர வித்தியாசத்தால். ஒன்று 1080 புள்ளி உயரம், மற்றது 768. மீதி 312 புள்ளிக்கு எதிரே சுவர்தான். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ‘ஐடென்டிஃபை’ அழுத்தி எது 1, எது 2 என்று பார்த்துக்கொண்டு, அந்தப் பெட்டிகளை மேசையில் மானிட்டர்கள் இருக்கும் வாக்கிலேயே நகர்த்தி ‘அப்ளை’ கொடுங்கள். இரண்டின் அடிவிளிம்பும் மேசையில் ஒரே மட்டத்தில் இருந்தால் படத்திலும் அடியை ஒட்டி வையுங்கள், டாஸ்க்பார் பக்கம் தடையில்லாமல் போகும்.

பில்லைப் பெரிய திரையிலேயே வையுங்கள். அதில் அங்குலத்துக்குச் சுமார் 102 புள்ளி, சின்னதில் 85. ஜிஎஸ்டி எண் போன்ற பொடி எழுத்து பெரியதில்தான் தெளிவாகப் படிக்க வரும்.