கோவையிலிருந்து தரங்கம்பாடி: காரில்லாமல் அப்பாவை அழைத்துச் செல்ல வழி வேண்டும்

கேள்வி: நொய்யல்கரையான்

அனைவருக்கும் வணக்கம். தை மாதக் கடைசியில் என் தந்தையாரைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். அவர் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழ் அச்சுக்கூடம் வைத்த ஊரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அப்படியே திருக்கடையூரில் அபிராமி அம்மனை ஒரு வெள்ளிக்கிழமையில் தரிசிக்கவும் விரும்புகிறார். எங்களிடம் கார் இல்லை. அவருக்கு முழங்கால் வலி இருப்பதால் சமதரையில் மெல்ல நடப்பாரே தவிர, படியேறுவது சிரமம். மயிலாடுதுறையில் இறங்குவதா, காரைக்காலில் இறங்குவதா? எங்கே தங்கலாம்? ஊருக்குள் எப்படிச் சுற்றிப் பார்ப்பது? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: மாயவரத்து மகள்

ஐயா, வணக்கம். தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயிலே இருந்தது. மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாக 1926 முதல் ஓடிய மீட்டர் கேஜ் வண்டி 1986-இல் நிறுத்தப்பட்டது. அது திரும்ப வராதது இந்தப் பக்கத்து மக்களுக்கு இன்றும் ஆறாத குறைதான். இப்போது பேருந்துதான் வழி. தூரம் முப்பது கிலோமீட்டர் அளவு, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும் ஆகலாம்.

உங்களுக்கு மயிலாடுதுறையே தோது. எறணாகுளம் – காரைக்கால் வண்டி கோவைப் பக்கத்தை நள்ளிரவுக்குப் பிறகுதான் கடக்கும் என்பதால் பெரியவரை அந்த நேரத்தில் நடைமேடையில் காக்க வைக்க வேண்டியிருக்கும். மயிலாடுதுறை ஜன் சதாப்தியோ கோவையில் காலையில் புறப்பட்டுப் பிற்பகலில் இங்கே வந்து சேர்ந்துவிடும். செவ்வாய்க்கிழமை மட்டும் அந்த வண்டி கிடையாது. ரயிலடி ஊரின் ஓரத்தில் இருக்கிறது. பெட்டியோடு நடக்க வேண்டாம், பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பிடித்துவிடுங்கள். அங்கே காரைக்கால் பேருந்தில் ஏறும் முன் "திருக்கடையூர் வழியா?" என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வேறு வழியாகக் காரைக்கால் போகும் வண்டிகளும் உண்டு. பொறையாறு என்று பலகை போட்ட பேருந்தில் வந்தாலும் கவலையில்லை, அங்கிருந்து தரங்கம்பாடி ஓர் ஆட்டோ தூரம்தான்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: டேனிஷ் கோட்டைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அம்மனுக்கு வெள்ளி என்று முடிவு செய்துவிட்டால் கோட்டையை வியாழனிலேயே பார்த்துவிட வேண்டும்.

பதில்: பொறையாறு ஆசிரியர்

அம்மையார் சொன்ன வழி சரியானது. தங்குவதைப் பற்றி நான் சொல்கிறேன். வேனில் வருபவர்கள் பலரும் திருக்கடையூரை முடித்துக்கொண்டு, திருநள்ளாறோ வேளாங்கண்ணியோ போகிற வழியில் உச்சி வெயிலில் தரங்கம்பாடியில் இறங்கி, கோட்டைமுன் படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் புறப்பட்டுவிடுகிறார்கள். வரலாறு படித்த ஒரு பெரியவருக்கு அப்படிக் காட்டக் கூடாத ஊர் இது. தயவுசெய்து ஓர் இரவாவது தரங்கம்பாடியிலேயே தங்குங்கள். விடுதிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவைதாம் என்பதால் முன்னதாகவே தொலைபேசியில் பேசி, தரைத்தள அறையாகக் கேட்டு வாங்குங்கள்.

பழைய ஊருக்குள் வாகனமே தேவைப்படாது. 1792-இல் திருத்திக் கட்டப்பட்ட வெண்ணிற நுழைவாயிலில் ஆரம்பித்தால் ராஜ வீதி கடலை நோக்கி நேராகச் செல்கிறது. மேடு பள்ளம் இல்லை, அப்பா மெல்ல நடந்தே வந்துவிடலாம். அதே வீதியில் 1701-இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718-இல் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் இருக்கின்றன. 1719-இல் மறைந்த அவருடைய கல்லறை இந்த இரண்டாவது ஆலயத்துக்குள் இருக்கிறது. வெளியே நின்றபடி முகப்பை அண்ணாந்து பார்த்தால் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் எழுத்துச் சின்னமும் அதன்மேல் மகுடமும் தெரியும். சீகன்பால்கு வாழ்ந்த இல்லம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அது அட்மிரல் வீதியில் உள்ளது. 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை முழுமையாக அச்சிட்டு முடித்த ஊருக்கு வந்துவிட்டு அந்த வீட்டைப் பார்க்காமல் போனால் உங்கள் தந்தையார் மனம் ஆறமாட்டார்.

கோட்டை, தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620-இல் டேனியர் கட்டத் தொடங்கியது. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை அவர்களிடம் இருந்தது. மேல்தளத்துக்கு ஏறுவது அப்பாவுக்குக் கடினமாக இருந்தால் வற்புறுத்த வேண்டாம். கீழே அருங்காட்சியகத்தைப் பார்த்தாலே போதும். பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை கடற்கரையில் ஒதுங்க நிழல் கிடையாது. ஆகையால் ஆலயங்களையும் சீகன்பால்கு இல்லத்தையும் காலையில் முடித்து, சாப்பிட்டு ஓய்வெடுத்துவிட்டு, மூன்றரைக்குக் கோட்டைக்கு வாருங்கள். அங்கிருந்து கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்க்கலாம். மாறவர்ம குலசேகர பாண்டியன் காலத்தில் 1306-இல் எழுந்த அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது திருப்பணி செய்து, அலைகளைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள்.

பதில்: குடந்தை யாத்ரீகன்

தரங்கம்பாடியில் ஓர் இரவு என்பதை ஏற்கிறேன். ஆனால் வியாழன் இரவைத் திருக்கடையூருக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி விடியற்காலையில் பெரியவரை எழுப்பிப் பேருந்தில் ஏற்றுவதைவிட, சந்நிதிக்கு அருகில் தங்கி, குளித்துவிட்டு நடந்தே செல்வது நல்லது. ஒரு சிக்கல் உண்டு. அங்கே அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும் ஆண்டு முழுவதும் நடந்துகொண்டே இருக்கும். சுற்றமும் நட்புமாக வருபவர்கள் அறைகளையும் ஆட்டோக்களையும் மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள். தை அமாவாசையை ஒட்டிய நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். அபிராமி பட்டருக்காக அம்மன் முழுநிலவு காட்டிய நாள் என்பதால் அன்று கூட்டத்தில் பெரியவர்கள் நிற்கவே முடியாது.

தரங்கம்பாடியிலிருந்து திருக்கடையூர் வரும்போது பேருந்தை நம்பாமல் ஆட்டோவைப் பேசி, தில்லையாடியில் சிறிது நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்க சத்தியாகிரகத்தில் சிறை சென்று 1914-இல் உயிர் நீத்த வள்ளியம்மையின் நினைவு மண்டபம் அங்கே இருக்கிறது. மறு ஆண்டே காந்தியடிகள் நேரில் வந்த ஊர் அது. கூலியை ஏறும் முன்பே, நிறுத்தும் நேரத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: நொய்யல்கரையான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தில்லையாடி இவ்வளவு அருகில் இருப்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்பாவிடம் சொன்னதும் அவர் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். அமாவாசை கழிந்த வாரத்தில், புதன்கிழமை ஜன் சதாப்தியில் புறப்பட்டு அன்றிரவு தரங்கம்பாடி, வியாழன் மாலை தில்லையாடி வழியாகத் திருக்கடையூர், வெள்ளி காலை தரிசனம் என்று முடிவு செய்திருக்கிறோம். அன்று பிற்பகலிலேயே மயிலாடுதுறையில் கோவை வண்டியைப் பிடிக்க வேண்டும். தரிசனம் முடித்துத் திருக்கடையூரில் எத்தனை மணிக்குப் பேருந்து ஏறினால் சரியாக இருக்கும்?

பதில்: மாயவரத்து மகள்

பதினொன்றரைக்குள் ஏறிவிடுங்கள் ஐயா. பேருந்து நிலையத்திலிருந்து ரயிலடிக்கு மறுபடியும் ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். நடுவில் அப்பா நிதானமாகச் சாப்பிடவும் நேரம் கிடைக்கும்.