சுடோக்குக் கலைச்சொற்கள்: 'வலுவான இணைப்பு' வேண்டாம், 'பிணை' போதும்

குழுவினருக்கு வணக்கம்.

கடினமான சுடோக்குப் புதிர்களை விடுவிக்கும் முறைகளுக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில் பெரும்பாலானவற்றோடு எனக்கு உடன்பாடுதான். நிரை (கிடைவரிசை), நிரல் (நெடுவரிசை) இரண்டும் பள்ளிக் கணக்கில் அணிகள் பாடம் படித்த எவருக்கும் தெரிந்தவை. மூன்றுக்கு மூன்று கட்டங்கள் கொண்ட பகுதிக்குப் 'பெட்டி' போதும். ஒரு கட்டத்தில் இன்னும் வரக்கூடியதாக மிஞ்சியிருக்கும் எண்ணுக்கு 'வேட்பெண்', 'வாய்ப்பெண்' என்று இரண்டு சொற்கள் வந்தன. புணர்ச்சி செய்த குறும்பால் இரண்டிலும் கண்ணுக்குப் பெண்தான் தெரிகிறாள், எண் தெரியவில்லை. மூன்றாவதாக வந்த 'கூடுமெண்' என்பதை எல்லாரும் ஏற்றுக்கொண்டதாகவே கருதி இந்த மடலை எழுதுகிறேன்.

என் மறுப்பு ஒரே இடத்தில்தான். 'ஸ்டிராங் லிங்க்', 'வீக் லிங்க்' என்பவற்றுக்குப் பட்டியலில் 'வலுவான இணைப்பு', 'வலுவற்ற இணைப்பு' என்று போட்டிருக்கிறோம். இதை மாற்றியே ஆக வேண்டும். மேல்நிலை முறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டின் மேல்தான் நிற்கின்றன.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். இரண்டு கூடுமெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒருசேரப் பொய்யாக முடியாது, ஒன்றாவது மெய்யாக வேண்டும் என்றால் அது ஸ்டிராங் லிங்க். இரண்டும் ஒருசேர மெய்யாக முடியாது, ஒன்றாவது பொய்யாக வேண்டும் என்றால் அது வீக் லிங்க். இரண்டுமே ஐயத்துக்கு இடமில்லாத உறுதிகள். ஆனால் 'வலுவற்ற இணைப்பு' என்று படிக்கும் புதியவர் அதை 'அநேகமாக' என்ற ரகத்தில் சேர்த்துவிடுகிறார். அதை நம்பி ஓர் எண்ணை அழிக்கக் கை வருவதில்லை. ஆங்கிலத்திலேயே இந்தப் பெயர்கள் தொல்லை கொடுக்கின்றன. அந்தத் தொல்லையை நாம் இறக்குமதி செய்வானேன்?

இன்னொரு குழப்பமும் உண்டு. வலுவற்றதைக் கொஞ்சம் இறுக்கினால் வலுவானது கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு நிரையில் 7 வரக்கூடிய கட்டங்கள் இரண்டே இரண்டு என்றால் இரு உறவுகளும் ஒரே இடத்தில் அமைந்துவிடுவதால் வரும் நினைப்பு இது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஒற்றைத் தீர்வு விதியை வைத்துச் செய்யும் செவ்வக உத்தியைப் பாருங்கள். முதல் இரண்டு நிரைகள், 2ஆம் நிரலும் 5ஆம் நிரலும். நான்கு மூலைகளில் ஒன்றிலும் புதிரே கொடுத்த எண் இல்லை. 2ஆம் நிரலின் இரு மூலைகளிலும் 1, 2 மட்டும். 5ஆம் நிரலில் மேல் மூலையில் 1, 2, 6. கீழ் மூலையில் 1, 2, 9. அந்த 6, 9 இரண்டுமே பொய்யானால் நான்கு மூலைகளிலும் 1, 2 மட்டும் மிஞ்சும். அவற்றை இடம் மாற்றிப் போட்டாலும் புதிர் நிறைவுறும். அதாவது இரண்டு தீர்வுகள். புதிருக்கு ஒரே தீர்வுதான் என்பதால் 6, 9 இரண்டில் ஒன்றாவது மெய். இரண்டுமே மெய்யாகவும் இருக்கலாம், தடையில்லை. ஆக, இங்கே ஸ்டிராங் லிங்க் இருக்கிறது, வீக் லிங்க் இல்லை. 'வலு' என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது?

என் முன்மொழிவு: ஸ்டிராங் லிங்க் என்பதற்குப் 'பிணை', வீக் லிங்க் என்பதற்குப் 'பகை'.

கடனுக்குப் பிணை நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் கைவிரித்தால் பிணை நின்றவர் கட்டியாக வேண்டும். இருவரும் சேர்ந்து நழுவ வழியில்லை. பகையோ, இரண்டும் ஓரிடத்தில் நிற்காது என்பதோடு சரி. ஒன்று போய்விட்டால் மற்றது வருமா என்பது பற்றி அது வாய் திறப்பதில்லை. இரண்டும் இரண்டெழுத்துச் சொற்கள். வினையாகவும் புழங்கும்: 'இந்த 4 அந்த 4ஐப் பகைக்கிறது', 'இவை இரண்டும் பிணைந்தவை'.

ஒரு கணக்கில் வைத்துப் பார்ப்போம். நிரையை முதலிலும் நிரலை அடுத்தும் எழுதுகிறேன். 2ஆம் நிரையில் 7 வரக்கூடிய கட்டங்கள் (2,3), (2,8) இரண்டு மட்டும். 6ஆம் நிரையில் (6,3), (6,9) மட்டும். 3ஆம் நிரலில் (8,3) என்ற கட்டத்திலும் ஒரு 7 மிஞ்சியிருக்கிறது. ஆகவே (2,3), (6,3) இரண்டுக்கும் இடையே பிணை என்று சொல்ல முடியாது, ஒரே நிரலில் இருப்பதால் பகை மட்டும் உண்டு. இப்போது (2,8)இல் 7 இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிணை இருப்பதால் (2,3) 7 ஆகிறது. பகை இருப்பதால் (6,3) 7 அல்ல. மறுபடி பிணை, (6,9) 7 ஆகிறது. எனவே (2,8), (6,9) என்ற இரு முனைகளில் ஒன்றாவது 7. இரு முனைகளுக்கும் பகையான 7 எங்கிருந்தாலும் அதற்கு வாழ்வில்லை: (1,9), (3,9), (4,8), (5,8) ஆகிய நான்கு கட்டங்களிலும் 7ஐ அடித்துவிடலாம். யூகித்துப் பார்த்து அழிப்பது என்ற பேச்சே எழவில்லை.

ஆங்கிலத்தில் இந்த அமைப்புக்கு 'ஸ்கைஸ்கிரேப்பர்' என்று பெயர். இதே போன்று நிரையில் ஒரு பிணை, நிரலில் ஒரு பிணை, பெட்டிக்குள் பகை என்று அமைந்தால் காற்றாடியின் பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு இரண்டுமே பிணை–பகை–பிணை. மூன்று கண்ணித் தொடர். ஒய்-விங் என்று கொண்டாடப்படுவதும் ஐந்து கண்ணித் தொடர்தான். உருவத்தைப் பார்த்து வைத்த பெயர்கள் ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்து வானளாவி, காற்றாடி, சிறகு என்று அடுக்குவதில் எனக்கு நாட்டமில்லை.

அந்தத் தொடருக்கு என்ன பெயர் என்பதில் நாம் மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டாம். ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கமாக வரும் தொடையை நம் யாப்பு வெகு காலமாக அந்தாதி என்றே சொல்லிவருகிறது. பிணையில் தொடங்கி, பகையும் பிணையும் மாறி மாறி வந்து, பிணையில் முடிவது அந்தாதி. கடைசி முனையும் முதல் முனையும் தமக்குள் பகையாகி வளையமாக மூடிக்கொண்டால்? அதற்கும் யாப்பில் சொல் இருக்கிறது: மண்டலித்தல். இங்கே ஓர் அழகு உண்டு. அந்தாதி மண்டலித்துவிட்டால் அதிலுள்ள ஒவ்வொரு பகையும் பிணையாகவும் ஆகிவிடுகிறது. மேலே சொன்ன கணக்கில் 6ஆம் நிரையின் இரண்டாவது 7 (6,9)க்குப் பதிலாக (6,8)இல் இருந்திருந்தால் அந்தாதி மண்டலித்திருக்கும். 3ஆம் நிரலிலும் 8ஆம் நிரலிலும் மற்ற எல்லா 7களும் அடிபட்டிருக்கும். எக்ஸ்-விங் என்பது இவ்வளவுதான்.

எக்ஸ்-விங்கையே இன்னும் பல நிரைகளுக்கு விரித்த உத்திகளுக்கு ஆங்கிலத்தில் மீன்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பற்றி ஒரு வரி. வாள்மீன், சொறிமீன் என்பவை வேண்டாம். முக்கியமானது எத்தனை நிரைகள் என்பது. இருநிரை வலை, முந்நிரை வலை, நானிரை வலை என்று வைத்தால் பெயரிலேயே எண்ணிக்கை வந்துவிடும். பிஸ்டோமெஃபெல் வளையம் போல ஆள்பெயர் ஒட்டியவை அப்படியே இருக்கட்டும்.

———

மறுமொழி

வணக்கம் ஐயா. யாழ்ப்பாணத்தில் கணிதம் கற்பிப்பவள் நான்.

அந்தாதியை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. 'பிணை'யில்தான் சிக்கல். எங்கள் பத்திரிகைகளில் அந்தச் சொல் நாள்தோறும் வருகிறது, பெரும்பாலும் நீதிமன்றச் செய்திகளில். 'சந்தேகநபர் பிணையில் விடுதலை' என்று படித்துப் பழகிய பிள்ளைக்கு, '7க்கும் 7க்கும் பிணை' என்றால் சிரிப்பு வரும். வேதியியலில் அணுக்களுக்குப் பிணைப்பு வேறு இருக்கிறது.

அதைவிடப் பெரிய ஐயம் தர்க்கம் சார்ந்தது. பிணை நிற்பது ஒருதலையானது. கடன் வாங்கியவருக்காகப் பிணையாளி கட்டுவார். பிணையாளிக்காகக் கடன்காரர் எதையும் கட்டுவதில்லை. நீங்கள் பெயர் தேடும் உறவோ இருபக்கமும் ஒன்றுபோல் செல்லுபடியாக வேண்டியது. (2,8) பொய்யானால் (2,3) மெய் என்பது போலவே (2,3) பொய்யானால் (2,8) மெய். உவமையை நம்பிச் சொல் படைத்தால் உவமையின் கோணலும் சொல்லோடு வந்து ஒட்டிக்கொள்ளாதா?

'பகை'யிலும் ஒரு கேள்வி. பகைவனுக்குப் பகைவன் நண்பன் என்று உலக வழக்கு. பிள்ளைகள் இரண்டு பகைகளைத் தொடுத்து, முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்து நிற்கும் என்று முடிவு கட்டிவிட்டால்?

இன்னொன்று. இவ்வளவு சொற்கள் எதற்கு என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். ஜப்பானில் 'எண் தனிக்கட்டையாகவே இருக்க வேண்டும்' என்று பொருள்படும் நீண்ட தொடரைச் சுருக்கித்தான் சுடோக்கு என்று வைத்தார்கள். அந்தப் பெயர் நிக்கோலி நிறுவனத்தின் வணிகக் குறியாக இருப்பதால் அங்கே மற்ற வெளியீட்டாளர்கள் 'நம்பர் பிளேஸ்' என்ற ஆங்கிலத் தொடரைச் சுருக்கி 'நம்புரே' என்கிறார்கள். 1979இல் ஹாவர்ட் கார்ன்ஸின் ஆக்கம் அமெரிக்க இதழில் வந்தபோது இருந்த பெயர் அது. பெயர் இப்படி ஊர் சுற்றினாலும் விளையாட்டுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லையே?

———

மறுமொழி

அம்மா, வணக்கம். ஒருதலை என்று நீங்கள் சொன்னதுதான் இந்த இழையிலேயே கூர்மையான மறுப்பு. கடன்காரர்–பிணையாளி என்ற உவமையை விட்டுவிடுகிறேன். நம் ஊர்களில் மகளிர் குழுக்கள் கடன் வாங்கும்போது உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்பார்கள். அவள் கட்டாவிட்டால் இவள், இவள் கட்டாவிட்டால் அவள். அதுதான் நமக்கு வேண்டிய உறவு. இருவருமே ஒழுங்காகக் கட்டிவிட்டால் யாருக்கும் நட்டமில்லை என்பதால் செவ்வகக் கணக்கின் 6, 9 இரண்டும் மெய்யாகும் நிலைக்கும் அது இடம் கொடுக்கிறது. சொல்லை மாற்றத் தேவையில்லை. விளக்கத்தில் 'ஒருவருக்கொருவர் பிணை' என்று எழுதிவிடுவோம்.

நீதிமன்றப் பிணை பற்றி: துறை மாறினால் பொருள் மாறுவது நமக்குப் புதிதல்ல. இதே பட்டியலில் உள்ள 'நிரல்' கணினிக்காரர்களுக்கு வேறொன்று. பிள்ளைகள் சிரித்தால் சொல் மறக்காது என்று எடுத்துக்கொள்கிறேன்.

பகைக்குப் பகை நட்பு என்ற கேள்வி வந்ததே நல்லது. தொடக்கநிலையில் இருப்பவர்கள் அடிக்கடி வழுக்குவது அந்த இடத்தில்தான். முதலாவது மெய்யானால் இரண்டாவது பொய். இரண்டாவது பொய்யானதால் மூன்றாவதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தொடர் அங்கேயே அறுந்துவிடுகிறது. பகையை அடுத்துப் பிணை வந்தே ஆக வேண்டும் என்ற விதிக்குக் காரணமே இது. 'சுடோக்குவில் பகைவனின் பகைவன் யாரோ' என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு சொற்கள் எதற்கு என்ற கேள்விக்கு: நாளிதழில் வரும் எளிய புதிருக்குத் தேவையில்லைதான். பின்லாந்துக் கணிதவியலர் ஆர்ட்டோ இன்காலா 2006இல் வெளியிட்ட 'ஏஐ எஸ்கார்கோ' புதிரை மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். (அந்த 'ஏஐ' அவருடைய பெயரின் முதலெழுத்துகள், இப்போது எல்லாரும் பேசும் ஏஐ அல்ல.) அதில் 23 எண்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒற்றைத் தீர்வுக்குக் குறைந்தது 17 எண்கள் வேண்டும் என்பதை டப்ளினில் கேரி மெகுவைர் குழு 2012இல் கணினி கொண்டு நிறுவியது. அந்த 17 எண் புதிர்களில் பலவற்றை அடிப்படை முறைகளாலேயே முடித்துவிடலாம். 23 எண்கள் உள்ள இதிலோ அவை சில அடிகளில் நின்றுவிடும். அதன்பின் கட்டத்துக்குக் கட்டம் எது பிணை, எது பகை என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் நகர முடியாது. ஒவ்வொரு முறையும் 'இவை இரண்டும் ஒருசேரப் பொய்யாக முடியாத கூடுமெண்கள்' என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தால் மூன்றாவது கண்ணியிலேயே நூல் கைநழுவிவிடும்.

பட்டியலில் பிணை, பகை, அந்தாதி, மண்டலித்தல் நான்கையும் ஏற்றிவிடுகிறேன். ஒரு கட்டத்தில் பல கூடுமெண்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஒற்றைக்கு 'மறைந்த ஒற்றை' என்று இருப்பதை, சித்திரகவியில் வரும் கரந்துறைச் செய்யுளை ஒட்டிக் 'கரந்துறை ஒற்றை' என்று மாற்றலாமா என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். எனக்குப் பிடித்திருக்கிறது; ஆனால் 'மறைந்த' என்பதிலேயே எல்லாருக்கும் விளங்கிவிடுவதால் மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

மிஞ்சியிருப்பது 'ஆல்மோஸ்ட் லாக்டு செட்'. ஒரே நிரையிலோ நிரலிலோ பெட்டியிலோ உள்ள சில கட்டங்களில், கட்டங்களின் எண்ணிக்கையைவிட ஒன்றே ஒன்று கூடுதலாகக் கூடுமெண்கள் இருக்கும் தொகுதி: மூன்று கட்டங்கள், நான்கு எண்கள் என்பது போல. 'கிட்டத்தட்டப் பூட்டிய கணம்' என்று இப்போது இருப்பதைப் படிக்கும்போதெல்லாம் பூட்டு பழுதான வீடுதான் நினைவுக்கு வருகிறது. 'ஒன்றுமிகு கணம்' என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமானது யாரிடமாவது இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.