கிட்டார் பயிற்சிக்கும் பாட்டு கேட்கவும் ஒரே ஹெட்போன்: எதை எடுக்கலாம்?

களியக்காவிளை_கிட்டார்:

வீடு களியக்காவிளை பக்கம். சபை குவயரில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். பயிற்சிக்கு ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் நேரம். பக்கத்து அறையில் பிள்ளை படிப்பதால் ஆம்ப் போட முடியாது. கையில் இருப்பவை: பாஸ் ஜிடி-1 மல்டி எஃபெக்ட்ஸ் (கிட்டார் சத்தத்தை விதவிதமாக மாற்றும் பெட்டி), ஹெட்போன் துளை உள்ள 10 வாட் ஆம்ப், ஒரு அகூஸ்டிக் கிட்டார், டைப்-சி மட்டும் உள்ள ஃபோன். திருவனந்தபுரத்துக்கு தினமும் பஸ்ஸில் போய்வரும்போது பாட்டும் கேட்க வேண்டும்.

8,000 ரூபாய்க்குள் ஒரே ஹெட்போனாக முடிக்கப் பார்க்கிறேன். மூன்று சந்தேகங்கள்:

1. புளூடூத் போதுமா?
2. கடையில் 250 ஓம் (மின்தடை அளவு) ஹெட்போன்தான் ஸ்டூடியோ தரம், அதையே எடுங்கள் என்றார்கள். சரியா?
3. இப்போது சாதாரண இயர்ஃபோனை ஜிடி-1ல் சொருகினால் டிஸ்டார்ஷன் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டதும் தேனீக்கூட்டம் மாதிரி சத்தம். நல்ல ஹெட்போன் வாங்கினால் அது போய்விடுமா?

நெய்யாறு_ஆறுகம்பி:

மூன்றாவதில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குச் செலவே இல்லை. எவ்வளவு விலையுள்ள ஹெட்போன் வாங்கினாலும் அந்தச் சத்தம் போகாது. தெளிவான ஹெட்போனில் இன்னும் கூடுதலாகத்தான் கேட்கும்.

கிட்டார் ஆம்பில் இருக்கும் 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள சத்தத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கரகரப்பு எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கிறது. ஹெட்போனோ 15 கிலோஹெர்ட்ஸுக்கு அப்பாலும் பாடும். அதனால் ஸ்பீக்கர் மறைத்த கரகரப்பு அப்படியே காதுக்கு வருகிறது. இதற்குத்தான் கேபினெட் சிமுலேஷன் என்ற வசதி, ஆம்பின் ஸ்பீக்கரைப் போலவே அந்தக் கரகரப்பை வெட்டிவிடும். உங்கள் ஜிடி-1ல் அவுட்புட் செலக்ட் என்ற அமைப்பு உண்டு. அது ஜேசி-120 மாதிரி ஏதாவது ஒரு ஆம்பில் நிற்கும் என்று நினைக்கிறேன். 'லைன்/ஃபோன்ஸ்' என்பதற்கு மாற்றுங்கள், அப்போதுதான் அந்த வசதி வேலை செய்யும். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆம்பில் செருகும்போது மறக்காமல் அந்த ஆம்புக்குத் திருப்பி வையுங்கள். மறந்தால் சபையில் சத்தம் போர்வைக்குள் இருந்து வருகிறது மாதிரி மங்கிப்போகும்.

அடுத்து புளூடூத். வாசிப்பதற்கு வேண்டவே வேண்டாம். சாதாரண எஸ்பிசி கோடெக்கில் (புளூடூத்துக்காக ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) 150 முதல் 250 மில்லிசெகண்ட் தாமதம் வரும். காற்றில் ஒலி ஒரு செகண்டுக்கு 343 மீட்டர் போகிறது. அப்படியானால் 200 மில்லிசெகண்ட் என்பது ஆம்பை 68 மீட்டர் தள்ளி வைத்துவிட்டு வாசிப்பதற்குச் சமம். 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 தாள அடி) பாட்டில் ஒரு பதினாறாம் நோட்டின் (தாள அடியில் கால் பங்கு) நீளம் 150 மில்லிசெகண்ட்தான். நீங்கள் அடித்தது காதில் விழும்போது அடுத்த நோட்டு கடந்து போயிருக்கும். கை தானாகவே பின்வாங்கித் தாளம் கெடும். 10 மில்லிசெகண்டுக்குள் என்றால், மேடையில் ஆம்பில் இருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பது போல. அது யாருக்கும் உறுத்தாது. ஒயர் ஹெட்போனில் தாமதமே கிடையாது, மல்டி எஃபெக்ட்ஸ் எடுக்கும் சில மில்லிசெகண்ட் மட்டும்தான்.

பாட்டு கேட்பதற்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே பஸ்ஸுக்கு புளூடூத் வேண்டுமென்றால், 3.5 மி.மீ. ஒயர் துளையும் இருக்கிற மாடலாகப் பாருங்கள். ஆனால் சில மாடல்கள் ஒயரில் வரும் சத்தத்தையும் டிஜிட்டலாக்கித்தான் காதுக்கு அனுப்பும். பவரை அணைத்துவிட்டு ஒயரில் பாட்டு வருகிறதா என்று கடையிலேயே சோதித்துவிடுங்கள். வந்தால் நேரடி அனலாக் வழி இருக்கிறது என்று அர்த்தம்.

தக்கலை_சவுண்ட்:

250 ஓம் கணக்கைப் பார்ப்போம். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையாக வந்தது. மூன்றும் 1 மில்லிவாட்டுக்குச் சுமார் 96 டெசிபல். அந்த 1 மில்லிவாட்டுக்கு 32 ஓமில் 0.18 வோல்ட், 80 ஓமில் 0.28 வோல்ட், 250 ஓமில் 0.5 வோல்ட் வேண்டும். பாட்டின் உச்சத்தில் 110 டெசிபல் தொட வேண்டுமானால் வோல்ட் ஐந்து மடங்காகும். அதாவது முறையே 0.9, 1.4, 2.5. ஃபோனுக்கான டைப்-சி டாங்கிள்கள் (டைப்-சியில் சொருகி 3.5 ஹெட்போன் துளை தரும் சின்ன இணைப்பு) பலவும் 1 வோல்ட்டை ஒட்டியே தரும். 250 ஓம் அதில் முணங்கும், முழுதாகத் திருகினாலும் உயிர் இருக்காது. தனி ஹெட்போன் ஆம்போ நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸோ வைத்திருப்பவருக்கு அது அருமையான பொருள். உங்களுக்கு 32 முதல் 64 ஓம் வரை போதும், 80 கடைசி எல்லை.

ஓம் மிகக் குறைவாக இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. சின்ன ஆம்புகளின் ஹெட்போன் துளைக்கு உள்தடை பெரும்பாலும் அதிகமாக இருக்கும். ஹெட்போனின் ஓம் அந்த உள்தடையைப் போல எட்டு மடங்காவது இருந்தால்தான் பேஸ் கட்டுக்குள் நிற்கும் என்பது பழகிய கணக்கு. 16 ஓம் இயர்ஃபோனில் அடிக்கம்பி கொழகொழவென்று கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாடலுக்கு வருகிறேன். என் தேர்வு ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்40எக்ஸ். 35 ஓம், மூடிய வகை, கழற்றி மாட்டும் ஒயர். பேஸை ஊதிக் காட்டாது. எந்தக் கம்பி சரியாக மியூட் ஆகவில்லை என்று பளிச்சென்று காட்டிக்கொடுக்கும், பயிற்சிக்கு அதுதானே வேண்டும்! உங்கள் தொகைக்குக் கொஞ்சம் மேலே நிற்கலாம், சலுகை நாள் வரை பொறுத்தால் நல்லது. எம்50எக்ஸில் பேஸும் ஹையும் தூக்கல், பஸ் இரைச்சலில் பாட்டு கேட்க அது சுகமாக இருக்கும். எம்20எக்ஸ் விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் 3 மீட்டர் ஒயர் கழற்ற வராது. பஸ்ஸில் அந்த ஒயரை எங்கே சுருட்டி வைப்பீர்கள்? சோனி எம்டிஆர்-7506க்கும் அதே குறை: 63 ஓம், சுருள் ஒயர், கழற்ற முடியாது. 1991ல் இருந்து ஸ்டூடியோக்களில் ஓடும் உழைப்பாளி என்றாலும் ஹை கொஞ்சம் கூர்மை. டிஸ்டார்ஷனோடு ஒரு மணி நேரம் போட்டால் காது களைத்துவிடும்.

திறந்த வகை, பாதி திறந்த வகை (ஏகேஜி கே240 போல) உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. பக்கத்து அறைக்குக் கேட்கும், பஸ்ஸின் இரைச்சலும் உள்ளே வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் திறந்த வகைக்குத்தான் பலம்: அகூஸ்டிக். மூடிய ஹெட்போன் போட்டுக்கொண்டு அகூஸ்டிக் வாசித்தால் உங்கள் கிட்டாரே மூடிபோட்ட குடத்துக்குள் இருந்து கேட்கிற மாதிரி இருக்கும். சத்தம் போதவில்லை என்று கை தானாக ஓங்கி அடிக்கும், பழக்கம் கெடும். அதற்கு வழி, ஒரு கப்பைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு வாசிப்பது. எம்40எக்ஸின் கப் 90 டிகிரி திரும்பும், சௌகரியம்.

வாங்கும்போது இன்னொன்று. எம்40எக்ஸ், எம்50எக்ஸ் ஒயரின் கப் பக்கத்து முனை 2.5 மி.மீ., கழுத்து மெல்லியது, திருகிப் பூட்டும் வகை. பொதுவான 2.5 ஒயர் உள்ளே போகாது, போனாலும் ஆடிக்கொண்டிருக்கும். எம்40எக்ஸோடு 3 மீட்டர் நேர் ஒயரும் சுருள் ஒயரும்தான் வரும். பஸ்ஸுக்கு 1.2 மீட்டர் ஒயர் தனியாக வாங்குங்கள், மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

மார்த்தாண்டம்_சர்வீஸ்:

மாடல் எல்லாம் அண்ணாச்சி சொல்லிட்டாங்க. மாட்டுனதுக்குப் பிறகு வர்ற கோளாறு நாலு சொல்லுதேன், பாத்துக்கிடுங்க.

ஒரு காதுல மட்டும் சத்தம் வந்தா முதல்ல பெரிய பின்னோட கன்வெர்ட்டரைப் பாருங்க. 6.35 பின்ல கருப்பு வளையம் ரெண்டு இருந்தா ஸ்டீரியோ, ஒண்ணுதான்னா மோனோ. மோனோ கன்வெர்ட்டரைப் போட்டா ஒரு பக்கம் ஷார்ட் ஆகும். ஜிடி-1ல ஃபோன்ஸ் துளை சின்ன 3.5தான், அங்க கன்வெர்ட்டரே வேண்டாம். உங்க 10 வாட் ஆம்புல துளை பெரிசா இருந்தா அதுக்குத்தான் வேணும்.

பாட்டுல பாடகர் குரல் மட்டும் காணாமப் போயி, பின்னணி மட்டும் கிணத்துக்குள்ள கேக்குத மாதிரி இருந்தா கிரவுண்ட் விட்டிருக்குன்னு அர்த்தம். நடுவுல இருக்க வேண்டிய குரல் ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு வெட்டிக்கும். மைக் உள்ள, மூணு வளைய பின்னை பழைய துளைல சொருகும்போதுதான் இது அதிகம். ஒரு மில்லிமீட்டர் வெளிய இழுத்துப் பாருங்க. குரல் திரும்ப வந்தா பின்தான் பொருந்தல. ஹெட்போன் மேல குத்தமில்ல.

இரைச்சலுக்கு: ஜிடி-1ஐ அடாப்டர்ல இருந்து எடுத்து நாலு டபுள்-ஏ பேட்டரில ஓட்டிப் பாருங்க. நின்னுச்சுன்னா குத்தம் கரண்ட் வழியாத்தான். கரண்ட் போயி பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஓடும்போது சிங்கிள் காயில் (ஒத்தைச் சுருள் பிக்கப்) கிட்டார் கட்டாயம் கத்தும். அந்த நேரத்துக்கு பேட்டரியோட, இன்வெர்ட்டரை விட்டுத் தள்ளி உக்காந்து வாசிங்க. கிட்டாரைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஒரு சுத்து திரும்புங்க, ஏதோ ஒரு திசையில இரைச்சல் பாதியாக் குறையும்.

நம்ம ஊருல இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) துலா மழையும் (வடகிழக்குப் பருவமழை) ரெண்டும் உண்டு. ரெக்ஸின் இயர்பேட் ஈரத்துலயும் வேர்வையிலயும் சீக்கிரம் உரிஞ்சு கருப்பு செதில் செதிலா காதுல ஒட்டும். தேங்காண்ணெய் தேச்ச தலையோட போட்டா இன்னும் வேகம். போட்டு முடிச்சதும் உலர்ந்த துணியால துடைச்சு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட மூடி வைங்க. ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீங்க, மேல்தோல் வெடிக்கும். வெல்வெட் பேட் மாத்தினா உரியாது, ஆனா காதைச் சுத்திக் காத்து கசிஞ்சு பேஸ் குறையும். மூக்குக்கண்ணாடி போட்டாலும் அதே கசிவுதான்.

களியக்காவிளை_கிட்டார்:

அவுட்புட் செலக்ட் ஜேசி-120ல்தான் இருந்தது. லைன்/ஃபோன்ஸ் மாற்றியதும் தேனீ போய்விட்டது. நன்றி. எம்40எக்ஸ் என்று முடிவு. ஃபோனில் பாட்டை ஓட்டிக்கொண்டு கூடவே வாசிக்க என்ன வழி? இங்கே அமைத்த பேட்ச் (ஜிடி-1ல் சேமித்த எஃபெக்ட் அமைப்பு) சபையின் ஸ்பீக்கரிலும் இப்படியே வருமா?

நெய்யாறு_ஆறுகம்பி:

ஃபோன், டைப்-சி டாங்கிள், இரு பக்கமும் 3.5 ஸ்டீரியோ பின் உள்ள ஒயர், ஜிடி-1ன் ஆக்ஸ் இன் (வெளியில் இருந்து பாட்டை உள்ளே விடும் துளை). இவ்வளவுதான். பாட்டு எஃபெக்ட்டுக்குள் போகாது, நேராகக் காதுக்கு வரும். முதலில் பாட்டை வசதியான அளவுக்கு வையுங்கள், பிறகு கிட்டாரை அதன் மேல் ஒரு விரல் ஏற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டும் மாறிமாறி ஏறிக்கொண்டே போகும். 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94ல் ஒரு மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பு.

பேட்ச் இப்படியே வராது. ஹெட்போனில் பேஸ் கட்டிப்பிடித்தாற்போல் இருப்பதால் குறைவாகத் தோன்றி ஏற்றிவிடுவோம். சபையில் அது பேஸ் கிட்டாரோடும் கீபோர்டின் இடது கையோடும் மோதும். சபைக்கென்று அதே பேட்சின் நகல் ஒன்று வையுங்கள்: 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டுங்கள், ரிவெர்பை (எதிரொலி எஃபெக்ட்) பாதியாக்குங்கள், மிட்டை (நடு அலைவரிசை) மட்டும் ஒரு 2 டெசிபல் ஏற்றுங்கள். அறையில் தனியாகக் கேட்டால் மெலிந்த மாதிரி இருக்கும், கூட்டத்தோடு வாசிக்கும்போது எடுபடும்.