மறுமொழி: கோதிக் வீடுகளின் 'குளூம்த்' – தமிழில் என்ன?

அன்பர்களுக்கு வணக்கம்.

நம் கட்டடக்கலைச் சொற்பட்டியலில் 'குளூம்த்' என்ற ஒரு சொல் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. 'கோதிக்' என்னும் இடைக்கால ஐரோப்பியக் கோயில் பாணியின் மங்கல், அச்சமும் ஈர்ப்பும் கலந்து தரும் உணர்ச்சி அது. நேற்று வந்த இரண்டு மடல்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

> 'கோதிக்' என்பதையே 'இருண்மைப் பாணி' என்று வைத்துவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

இதற்கு நான் உடன்பட மாட்டேன். பாரிஸை அடுத்த செயின்ட் டெனி மடத்தின் தலைவர் சூஜெர், 1144-இல் தம் கோயிலின் கிழக்குப் பகுதியைப் புதுப்பித்து முடித்தார். இந்தப் பாணி அங்கிருந்துதான் கிளம்பியது என்பார்கள். அவருக்கு வேண்டியிருந்தது வெளிச்சம். கூரையின் பாரத்தைக் கூர்வளைவுகளும், சுவரை வெளியிலிருந்து தாங்கும் முட்டுவளைவுகளும் வாங்கிக்கொண்டால், சுவரைத் திறந்து வண்ணக் கண்ணாடி வைக்கலாம். வெளிச்சத்துக்காகப் பிறந்த பாணிக்கு இருளின் பெயரை வைப்பது அநியாயம்.

இருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடங்களைக் கலைத்தார். கூரை வேய்ந்திருந்த ஈயத்தைக்கூட உரித்துக்கொண்டு போனார்கள். மொட்டையாக நின்ற அந்தச் சுவர்களைப் பார்த்தே தலைமுறைகள் வளர்ந்தன. கூர்வளைவு என்றாலே அந்தியும் ஆந்தையும் நினைவுக்கு வரும்படி ஆயிற்று. ஆகவே பாணிக்குக் 'கோதிக்' இருக்கட்டும், விளக்கம் தேவையான இடத்தில் 'கூர்வளைவுப் பாணி' என்போம். தவிர, 'இருண்மை' ஏற்கெனவே புதுக்கவிதை விமர்சனத்தில், பொருள் எளிதில் புலப்படாமையைக் குறிக்க, வேலையில் இருக்கும் சொல்.

> உணர்ச்சிக்குத் 'திகில்' போதாதா?

போதாது. திகில் வந்தால் ஓடத் தோன்றும். நாம் பெயர் தேடுவதோ அங்கேயே நிற்கவைக்கும் ஒன்றுக்கு.

இந்த உணர்ச்சியை வேண்டுமென்றே ஒரு வீட்டுக்குள் கட்டியவர், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல். லண்டனை அடுத்த ட்விக்கனமில் 1747-இல் ஒரு சிறு வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, 1749-இல் விலைக்கே வாங்கி, 'ஸ்ட்ராபெரி ஹில்' என்று பெயரிட்டுப் பல ஆண்டுகள் மாற்றி மாற்றிக் கட்டினார். வெளியே பளீரென்ற சுண்ணாம்பு வெள்ளை. உள்ளே நுழைந்தால் சாம்பல் நிறத்தில் மங்கலான கூடமும் மாடிப்படியும். அங்கிருந்து மேலே போனால் சிவப்பும் பொன்னுமாக நீண்ட மண்டபம். அதன் கூரை விசிறி விசிறியாக விரிகிறது; வெஸ்ட்மின்ஸ்டரில் ஏழாம் ஹென்றியின் சிற்றாலயத்துக் கல்கூரையின் நகல் அது. ஆனால் கல் அல்ல, காகிதக்கூழ்! நூலக அறையின் கணப்பு முகப்புக்கு மாதிரியாக அவர் எடுத்துக்கொண்டது ஓர் இளவரசனின் கல்லறை. கல்லறையின் வடிவத்துக்கு நடுவே குளிர்காய்கிற அறை. நம் சொல் அந்த அறைக்குப் பொருந்த வேண்டும்.

மடங்களிலும் பேராலயங்களிலும் உள்ள அந்த மங்கலை வீட்டுக்குள் பதிப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது என்று 1753-இல் ஒரு நண்பருக்கு எழுதியபோது, அதற்குச் சொல் கிடைக்காமல் அவரே உருவாக்கியதுதான் 'குளூம்த்'. மங்கலைக் குறிக்கும் 'குளூம்' என்ற சொல்லோடு, 'வார்ம்த்' (கதகதப்பு) போன்ற சொற்களில் வரும் '-த்' விகுதியை ஒட்டிவிட்டார். (மறு ஆண்டே இலங்கையின் பழைய பெயரான 'செரண்டிப்'பிலிருந்து 'செரண்டிபிட்டி'யை (தேடாமலே நல்லது கிட்டுவது) உருவாக்கியவரும் இவர்தான். அது உலகமெல்லாம் பரவியது, 'குளூம்த்' அந்த வீட்டோடு தங்கிவிட்டது.) 1764-இல் அவர் கண்ட கனவில், ஒரு பெரிய மாடிப்படியின் உச்சிக் கைப்பிடியில் கவசமணிந்த பிரம்மாண்டமான கை ஒன்று இருந்தது. கோதிக் என்ற பெயர் கட்டடத்திலிருந்து கதைக்குத் தாவியது அந்தக் கனவிலிருந்து பிறந்த நாவலால்தான்.

சரி, நம் சொல். என் பரிந்துரை: அணங்குடைமை.

அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சொல்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வ ஆற்றல்), விலங்கு, கள்வர், இறை (அரசன்). முதலில் நிற்பது அணங்கு. அகநானூற்றில் மலையே 'அணங்குடை நெடுவரை'. அதாவது இடத்தில் குடியிருக்கும் ஒன்று. அதே சொல் குறளில் காமத்துப்பாலைத் தொடங்கிவைக்கிறது. அதிகாரத்தின் பெயரே 'தகையணங்குறுத்தல்', அழகு வருத்துவது. அச்சமும் ஈர்ப்பும் ஒரே சொல்லில் இத்தனை இயல்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு சொல் தேட மனம் வரவில்லை. வால்போல் புழக்கத்தில் இருந்த விகுதியை எடுத்துக்கொண்டது போல நமக்கும் 'உடைமை' கைவசம் இருக்கிறது.

ஒரு தடை எனக்கே தெரிகிறது. இன்று அணங்கு என்றால் பலருக்கும் பெண் என்றுதான் பொருள். 'அணங்குடைய வீடு' என்றால் யாரோ ஒரு பெண் குடியிருக்கும் வீடு என்று படிப்பார்கள். அதனால் பெயரடையாக 'அணங்குடை' என்று சங்க வடிவத்திலேயே வைப்போம். அப்புறம், பள்ளிப் பிள்ளைகளுக்கான பட்டியலில் 'மருட்சி' என்று எளிதாகப் போட்டுவிடலாம். அதில் ஈர்ப்பு குறைவு, ஆனாலும் புரியும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

'படிக்கட்டின் மங்கல் ஒளியே இந்த வீட்டின் அணங்குடைமைக்குக் காரணம்.'
'பாழடைந்த மடங்களின் அணங்குடை அழகை அவர் காகிதக்கூழில் கொண்டுவந்தார்.'

இரண்டும் என் காதுக்கு இடறவில்லை. உங்களுக்கு இடறினால், எந்த வாக்கியத்தில் என்று வாக்கியத்தோடு எழுதுங்கள்.